செடி செத்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்

எங்கள் பூங்கா நண்பர்கள் சங்கத்தின் புதுச் செயலாளர் ரக்ஷிதா போன வாரம் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு நடுவில் பூங்காவுக்கும் ஓடி வருகிறாள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் கொஞ்சம் வேகமாகப் பேச ஆரம்பித்தால் கன்னடம்தான் வரும். வந்தவள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"சிஸ்டர், நினைவுக் கன்று பட்டுப்போச்சுன்னா இனிமே அந்த ஃபேமிலிக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டுடலாம்னு கமிட்டில பேசிட்டிருக்கோம். நீங்க ஏன் வீடு வீடா போனீங்கன்னு யாருக்கும் தெரியல. நீங்களே எழுதிக் குடுங்களேன்."

"தமிழில்தான் எழுதுவேன்" என்றேன். "கன்னடத்தில் நீயே மாற்றிக்கொள்." சம்மதித்தாள். ஆகவே எழுதுகிறேன். என் தமிழ், அம்மாவிடமும் கோயில் ஜெபப் புத்தகத்திலும் படித்தது. நடுவில் ஜெப வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மைசூர் அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். ட்ரெயினிங் காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பதிலேயே பாதிப் பக்கம் போய்விடும், விட்டுவிடுகிறேன். ஓய்வு பெற்றதும் சர்க்கரைக்காக நடக்கச் சொன்னார்கள். எங்கள் லேஅவுட் பூங்காவில் நடக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே சிவண்ணா என்னைப் பிடித்துவிட்டார்.

"சும்மா கைய வீசிட்டு நடக்கறீங்களே சிஸ்டர். ஒரு பக்கெட் தண்ணி பிடிச்சிட்டு நடங்க. அதுவும் வாக்கிங்தான்."

அப்போது அவர்தான் சங்கத் தலைவர். பஸ் டிப்போவில் எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று கட்டளை போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடக்காரர். கோயமுத்தூர் லைன் டிரைவர்களிடம் திட்டு வாங்கியும் திட்டியும் தமிழ் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் எப்போதும் ஒரு குரங்குக் குல்லா. சித்திரை வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார்.

அவர் நடத்திய கூட்டங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். நாற்காலி கிடையாது. தண்ணீர்க் குழாயைச் சுற்றி எல்லோரும் நிற்க வேண்டும். எதைப் பற்றிப் பேச்சோ அதற்கு முன்னால் போய் நின்றுதான் பேச வேண்டும். ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் ஊஞ்சலடியில் கூட்டம், வேலி சாய்ந்தால் வேலியோரம் கூட்டம். யாராவது நீட்டி முழக்கினால் ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் ஹோஸ் பைப்பைக் கொடுத்துவிடுவார். பேசுகிறவர் பேசிக்கொண்டே செடிக்குத் தண்ணீர் விட வேண்டியதுதான். முடிவு எடுத்தாகிவிட்டால் "ஆய்த்து, ஆய்த்து" என்பார், கன்னடத்தில் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

நினைவுக் கன்று என்பது அவர் கொண்டுவந்த பழக்கம். வீட்டில் யாராவது இறந்துவிட்டால், விருப்பப்பட்டவர்கள் பூங்காவில் ஒரு கன்று நடலாம். பெயர்ப் பலகை மட்டும் வைக்கக் கூடாது. "போர்டு வெச்சா பார்க்கு சுடுகாடு மாதிரி ஆயிடும் சிஸ்டர். யார் மரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்" என்பார். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் நட்ட கன்று எல்லாம் பிழைக்குமா? கோடையில் டேங்கர் வராது, மாடு புகுந்துவிடும், பையன்கள் பந்தால் அடிப்பார்கள். செத்துப்போன கன்றை என்ன செய்வது என்று முதலில் யாரும் யோசிக்கவில்லை. அதனால்தான் செண்பகம் சீதாப்பழமான கதை நடந்தது.

வரதராஜன் சார் என்று ஒருவர் தன் மனைவி நினைவாகச் செண்பகம் நட்டார். அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை செண்பகப் பூ இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து கன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். முதல் கோடையிலேயே கன்று காய்ந்துவிட்டது. எங்கள் கமிட்டியில் மூர்த்தி சார் என்று ஓர் இளகிய மனசுக்காரர் இருந்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர். வரதராஜன் முகத்தைப் பார்க்க முடியாது என்று அவருக்கு. யாரிடமும் சொல்லாமல் நர்சரிக்குப் போய், அதே உயரத்தில், அதே நீள இலையோடு ஒரு கன்றை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் அதே குழியில் நட்டுவிட்டார். மூர்த்தி சாருக்குக் கறிவேப்பிலையைத் தவிர வேறு இலை தெரியாது.

அந்தக் கன்று நன்றாகவே வளர்ந்தது. சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் அதில் கண் கண்ணாகப் பச்சைக் காய் தொங்கியது.

"மூர்த்தி, செண்பகத்துல இப்படி காய்க்குமா?" என்று வரதராஜன் கேட்டார்.

"புது ரகமா இருக்கும் சார்" என்றார் மூர்த்தி.

பழுத்ததும் சந்தேகத்துக்கு இடமே இல்லை. சுத்தமான சீதாப்பழம். விஷயம் வெளியே வந்தபோது வரதராஜன் கோபப்படுவார் என்று நாங்கள் எல்லோரும் தலை குனிந்து நின்றோம். அவர் கோபப்படவில்லை. "என் வீட்டுக்காரிக்கு சீதாப்பழமே ஆகாது. கொட்டை துப்ப பொறுமை கிடையாது" என்றார். நாங்களும் தைரியம் வந்து சிரித்தோம். அப்புறம் அவர் கேட்டார்: "அப்ப இத்தனை நாளா நான் யார் முன்னாடி நின்னு பேசிட்டிருந்தேன்?" அதற்குப் பிறகு அவர் பூங்காவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை அந்தச் சீதாமரத்தடியில் கூட்டம் போட்டார் சிவண்ணா. "இனிமே செடி செத்தா வீட்டுக்குப் போயி சொல்லணும். போன்ல இல்ல. யாரு போறது? சிஸ்டர் போவாங்க. அவங்களுக்கு இது பழக்கம். ஆய்த்து." நான் சரி என்று தலையாட்டுவதற்குள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

பழக்கம் என்று அவர் சொன்னது உண்மைதான். வார்டு வாசலில் நின்று சொந்தக்காரர்களிடம் கெட்ட செய்தி சொல்வது டாக்டர் வேலை என்பார்கள். டாக்டர் பெரிய வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அதைப் புரிகிற மாதிரி திரும்பச் சொல்வது நர்ஸ் வேலை. அதில் கற்றுக்கொண்டதைத்தான் பூங்காவுக்கும் கொண்டுவந்தேன். ரக்ஷிதா, நீ கேட்டது இந்த இடம்தான், கவனமாகப் படி.

இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் பேச, இன்னொருவர் பேசாமல் இருக்க. இரண்டு பேரும் பேசினால் அவர்கள் எந்த முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். காலையில் போக வேண்டும், அழுவதற்கும் யாரையாவது கூப்பிடுவதற்கும் ஒரு பகல் மிச்சம் இருக்கும். முதல் வாக்கியத்திலேயே விஷயம் இருக்க வேண்டும். உட்காருங்கள், காபி சாப்பிடுங்கள் என்பார்கள். சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். காபி குடித்த பிறகு சொன்னால், சிரித்துக்கொண்டே காபி கலந்து கொடுத்ததை நினைத்து அவர்களுக்குப் பிற்பாடு தாங்காது. வேறு கன்று வைத்துத் தருகிறோம் என்று அன்றைக்குச் சொல்லவே கூடாது. அவர்களாகக் கேட்டால் சொல்லலாம். எழுந்து கிளம்புவதும் அவர்கள் எழுந்த பிறகுதான்.

இப்படி நிறைய வீடுகளுக்குப் போனோம். பேசாமல் இருக்கிற ஆள் பெரும்பாலும் சிவண்ணாதான். சில வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் தாத்தா எங்களுக்கே ஆறுதல் சொல்லி மாம்பழம் கொடுத்து அனுப்பினார். ஒரு பெண்மணி, "எங்க மாமியார் செடியா? அது அவங்க மாதிரியே பிடிவாதமா செத்திருக்கும்" என்று சிரித்துவிட்டு, வாசல் வரைக்கும் வந்தவள் அங்கே நின்று அழுதாள். எந்த வீட்டிலும் எங்களைத் திட்டவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இதெல்லாம் கன்றுகளின் கதை. செல்வியின் புங்கையோ கன்று இல்லை, பத்து ஆள் நிழலில் உட்காரக்கூடிய மரம்.

செல்வி தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரி. அவள் மகன் குமார் கட்டட வேலைக்காக மைசூருக்கு வந்த பையன். எங்கள் பூங்கா நடைபாதைக்குக் கல் பதித்தவர்களில் அவனும் ஒருவன். கிழக்குப் பக்கத்தில் நிழலே இல்லை என்று அப்போது சிவண்ணாவிடம் சொல்வானாம். பூங்கா வேலை முடிந்து வேறொரு கட்டடத்துக்குப் போனவன் அங்கே சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். செல்வி மகனைக் கொண்டுபோய் ஊரில் புதைத்துவிட்டு, திரும்ப மைசூருக்கே வந்துவிட்டாள். பக்கத்துத் தெரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை. மகன் பதித்த கல்லில் வந்து உட்கார்ந்திருப்பாள். சிவண்ணாதான் விசாரித்து, கிழக்குப் பக்கத்தில் அங்கன்வாடி சுவரை ஒட்டி அவளை ஒரு புங்கை நட வைத்தார்.

புங்கைக்கு அந்த மண் பிடித்துப்போயிற்று, தளதளவென்று வளர்ந்தது. மத்தியானம் மண்டபத்து வேலை முடிந்ததும் செல்வி அதன் அடியில் வந்து படுப்பாள். தூங்கவும் செய்வாள், அதோடு பேசவும் செய்வாள். "இன்னிக்கு ரெண்டு கல்யாணம்டா, இடுப்பு போச்சு" என்று அவள் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

இரண்டு வருஷம் முந்தி குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மரத்தின் ஒரு பக்க வேரை வெட்டிவிட்டார்கள். அடுத்த மழையில் அது அங்கன்வாடியின் தகரக் கூரைப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. கிளையைக் கழித்தோம், முட்டுக் கொடுத்தோம். போன மழைக்காலத்தில் அடிமண் மேலே எழும்பி வந்துவிட்டது. மரங்களைப் பார்க்கிற அதிகாரி வந்து சுத்தியலால் தட்டினார். உள்ளே உளுத்து வெறும் கூடாகியிருந்தது. கூரைக்குக் கீழே குழந்தைகள் சாப்பிடுகிறார்கள், எடுத்துவிடுங்கள் என்று அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். அதில் யாரும் மறு பேச்சுப் பேச முடியாது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் சிவண்ணா என்னை மட்டும் நிற்கச் சொன்னார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சிஸ்டர், செல்வி நாளன்னிக்கு ஊருக்குப் போறா. மாரியம்மன் பண்டிகை. அவ இல்லாதப்ப எடுத்துடலாம். வந்ததும் காத்துல விழுந்துச்சுன்னு சொல்லிடலாம்."

"நீங்க போட்ட ரூல்தானே அண்ணா?" என்றேன்.

"ரூல் செடிக்குப் போட்டது. இது அவ பிள்ளை." பிறகு சொன்னார்: "டிப்போல எத்தனை வீட்டுக்கு நான் போன் போட்டிருக்கேன் தெரியுமா? ஆக்சிடென்ட்ல ஆள் போயிருப்பான். வீட்ல என்ன சொல்வேன்? சின்ன அடிதான், கிளம்பி வாங்க. வழியெல்லாம் அழாம வரட்டும்னுதான். அது தப்பா? காத்து மேல சொன்னா யாருக்கு நஷ்டம்? மனுஷங்க வெட்டினாங்கன்னு அவளுக்குத் தெரிய வேணாம் சிஸ்டர்."

சுலபமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. ஆஸ்பத்திரியிலும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள்தான். செல்விக்கு அந்த மரத்தைவிட்டால் இந்த ஊரில் வேறு ஒன்றும் கிடையாது. நாங்கள் சொல்லி அவள் உடைந்துபோனால், வேலையைவிட்டு ஊருக்குப் போய்விட்டால், யார் பொறுப்பு? எனக்கும் பயம்தான். ஆனால் வரதராஜன் சார் கேட்ட கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

"நான் போய்ச் சொல்றேன். நீங்க வராட்டியும் பரவாயில்ல" என்றேன்.

அவர் குல்லாவைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "பேசாத ஆளு ஒருத்தர் வேணும்ல" என்றார்.

மறுநாள் காலை மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனோம். மலைபோலக் குவிந்த பாத்திரத்துக்கு நடுவில் செல்வி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே எழுந்தாள்.

"வாங்க சிஸ்டரம்மா. அண்ணா, வாங்க. காப்பித் தண்ணி வெக்கட்டுமுங்களா?"

"செல்வி, புங்க மரத்த வெட்டப் போறோம். உள்ள கூடாயிடுச்சு. அங்கன்வாடி மேல விழுந்துடும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிவண்ணாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழாயிலிருந்து தண்ணீர் அண்டாவில் விழுந்து நிரம்பி வழிந்தது. அவள் குனிந்து குழாயை மூடினாள்.

"எப்பங்க?"

"வியாழக்கிழமை."

"அப்ப நாளைக்கி இருக்குமுங்களா?"

"இருக்கும்."

"நாளன்னிக்கும்?"

"இருக்கும் செல்வி."

"சரிங்க" என்றாள். பிறகு உட்கார்ந்து தேங்காய் நாரை எடுத்துப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். நாங்கள் நின்றோம். அவள் அழவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவர்கள் எழுந்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்ற என் ரூல் அங்கே எடுபடவில்லை. கடைசியில் அவளே, "போய்ட்டு வாங்க சிஸ்டரம்மா, எனக்கு வேல கெடக்குது" என்றாள்.

வழியில் சிவண்ணா என்னைவிட்டு முன்னால் வேகமாக நடந்துபோய்விட்டார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். நான் சொன்னது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவள் முகம் அப்படி இருந்தது.

செல்வி பண்டிகைக்குப் போகவில்லை. மண்டபத்தில் லீவு சொல்லிவிட்டு இரண்டு நாளும் மரத்தடியிலேயே இருந்தாள். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. நடக்க வருகிறவர்கள்கூட அந்தப் பக்கம் வரும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை காலையில் மரம் அறுக்கிறவர்கள் கயிறும் ரம்பமுமாக வந்துவிட்டார்கள். நானும் சிவண்ணாவும் போனபோது செல்வி ஒரு பெரிய தூக்குப் போசியோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாழை இலைத் துண்டுகள். தூக்கைத் திறந்ததும் கோழிக் குழம்பு மணம் வந்தது. எங்களை உட்காரச் சொன்னாள். அறுக்க வந்தவர்களையும் கூப்பிட்டாள். காலை வேளையில் கோழிக் குழம்பும் சோறுமா என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சிவண்ணாவால் அடக்க முடியவில்லை. பேசாத ஆள் என்பதை மறந்துவிட்டார்.

"செல்வி, நான் சொல்ல வேணாம்னேன். நீ ஊருக்குப் போனப்ப எடுத்துட்டு, காத்துல விழுந்துச்சுன்னு சொல்லலாம்னேன். சிஸ்டர்தான் கேக்கல."

செல்வி இலையில் சோறு வைத்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவே இல்லை.

"எங்கண்ணனும் அப்புடித்தானுங்க. குமாருக்குக் காய்ச்சல், கெளம்பி வான்னு போன்ல சொன்னான். காய்ச்சக்காரனுக்கு வாய் கசக்குமேன்னு கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சனுங்க. பஸ்ஸுல மடியிலயே வெச்சிருந்தேன், சூடு ஆறப்படாதுன்னு. கூட வந்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது. கண்டக்டருக்குக் கூடத் தெரியும், எங்கிட்ட டிக்கெட்டுக் காசு வாங்கல. நானு அவருகிட்ட எம் மவனப் பத்திப் பெருமையாப் பேசிட்டே வந்தனுங்க."

சிவண்ணா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுதேன். வார்டில் இத்தனை வருஷம் நின்றவள், நாலு பேர் முன்னால் அழுவேன் என்று நினைக்கவில்லை.

செல்வி எழுந்து மரத்தில் ஒரு கையை வைத்தாள்.

"இது ஒண்ணத்தானுங்க அண்ணா, உசுரு இருக்கறப்பவே எங்கிட்டச் சொன்னீங்க. ரெண்டு நாளு பேச வேண்டியதெல்லாம் பேசிப்போட்டேன்."

பிறகு திரும்பி வந்து சிவண்ணாவின் இலையில் குழம்பை ஊற்றினாள்.

"கையெடுங்க அண்ணா. சூடா இருக்குது, சாப்பிடுங்க."

நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம். இலையில் ஒரு பருக்கைகூட யாரும் மிச்சம் வைக்கவில்லை.